ஜெபம் நீளும் வீடு

சிதம்பரம்,
12.1.2025

அன்புள்ள ஜான்சி அத்தைக்கு,

ஸ்ரீமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறதா?

போனில் பேசினால் காது மெஷின் விசிலடிக்கிறது, "எழுதிப் போடுடி, பொறுமையா படிச்சுக்கறேன்" என்று போன மாதம் வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். சொந்தமாக ஒன்று எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. தபாலாபீசில் இன்லேண்ட் கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நேற்று ரயில்வே கேட் பக்கம் போனேன். நீங்கள் இருந்த மிஷன் ஊழியர் வீட்டை இடித்துவிட்டார்கள் அத்தை. டைல்ஸ் கடை வரப்போகிறதாம். வீட்டு வாசல் கேட் மட்டும் இன்னும் நிற்கிறது. கொள்ளிடம் உடைத்துக்கொண்ட வருடம் அந்தக் கேட்டுக்கு வெளியேதான் அப்பா எங்களை நிறுத்தினார். குமராட்சிப் பக்கம் எங்கள் வீடு தண்ணீருக்குள். லாரி இறக்கிவிட்டுப் போய்விட்டது, யார் வீட்டுக்குப் போவதென்று தெரியவில்லை. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ராபர்ட் மாமா வந்து கேட்டைத் திறந்து, "வாங்க, சாப்புட்டுப் பேசிக்கலாம்" என்றார். ஊர் பேர்கூடக் கேட்கவில்லை. ஒரு ராத்திரிக்கு என்று வந்தவர்கள் தை பிறக்கும் வரை இருந்தோம். இரண்டாம் நாளே அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார். சாதி வேறு, சாமி வேறு. எங்கள் ஊரில் யாரும் லேசில் அப்படி முறை வைத்துவிட மாட்டார்கள். அப்பா கண்ணாயிரம் கடைசி மூச்சு வரைக்கும் அந்த முறையை மாற்றவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் நீங்கள் வரவில்லை. பொங்கலுக்காவது வந்து நாலு நாள் இருங்கள். கடலூரிலிருந்து எவ்வளவு தூரம்? உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் சிதம்பரம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம், கடலூர்,
27.1.2025

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரர் தில்லைநாதன் தம்பியின் ஜெராக்ஸ் கடைக்கும் தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் பொங்கல் கழிந்துதான் வந்தது. அது உனக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

மாமா நன்றாக இருக்கிறார். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. இந்த வயதில் வேறென்ன வேண்டும்?

ஊழியர் வீட்டை இடித்ததைப் படித்ததும் அங்கே வந்து போனவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். வடக்கே ரயிலேறிப் போகிற மிஷனெரிகள், ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்து ஜனங்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் என்று அந்த வீட்டில் படுத்து எழுந்தவர்களை யார் எண்ணுவது? நாலு பேருக்குச் சமைத்தால் ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேருக்குச் சமைத்த அன்றைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், மறுநாள் முழுக்கப் பழைய சோறு. ஆனாலும் உன் மாமாவின் ஜெபத்துக்கு ஊரெல்லாம் பேர். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்ணை மூடினால் கொள்ளிடக் கரை, மினி பஸ் டிரைவர், பக்கத்து வீட்டுச் சினைப்பசு வரைக்கும் போய்த்தான் திரும்புவார். எங்கள் மிஷன் தலைவர் ஒருமுறை சாப்பிட உட்கார்ந்து, ஜெபம் முடிவதற்குள் கண்ணீர் விட்டுவிட்டார். "ராபர்ட் போல ஒரு ஜெப வீரன் இல்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். அந்த நீள ஜெபத்தின் ரகசியம் எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதில், எங்கள் வீட்டில் அடிக்கடி சாப்பிடுகிற ஒரு குடும்பம் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டது. போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கொடுத்ததும் வாங்கினதும் சரியாகப் போயிற்று என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு மாமா சொன்னார், "போட்டதுக்குத் திருப்பிச் சாப்புட்டா அது வீடு இல்ல ஜான்சி, ஓட்டலு." அதோடு நாங்கள் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. உன் வீட்டை நாங்கள் ஓட்டலாக்க வேண்டாம் மகளே.

சமாதானத்துடன்,
ஜான்சி அத்தை


சிதம்பரம்,
9.2.2025

என் அத்தைக்கு,

நலம். நலமென்று நீங்கள் எழுதியதையும் நம்பிவிட்டேன்.

அந்த ரகசியம் எனக்கும் தெரியும். நான் உங்கள் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்தவள் என்பதை மறந்துவிட்டீர்களா? உலையில் சோறு வேகவில்லை என்றால் கரண்டியால் பானை மூடியை ரெண்டு தரம் தட்டுவீர்கள். டக் டக். முன்னறையில் மாமா கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவார். மறுபடி டக் டக் என்றால் மினி பஸ் டிரைவர். கஞ்சி வடித்து முடித்ததும் ஒரே ஒரு தரம் தட்டுவீர்கள், உடனே ஆமென். மிஷன் தலைவர் அழுத அன்றைக்கு அடுப்பில் இருந்தது பழைய புழுங்கலரிசி. வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் அங்கேதான் இருந்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.

இன்னொன்றும் ஞாபகம். சாப்பிட்டவர் யாராக இருந்தாலும் அவரவர் தட்டை அவரவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மிஷன் தலைவரும் கழுவினார், எங்கள் அப்பாவும் கழுவினார். பிறந்ததிலிருந்து தட்டைத் தூக்கிப் பார்க்காத மனுஷன் அவர். முதல் நாள் முறைத்தார். "இந்த வூட்ல யாரு எச்சில யாரும் தொட வேணாம், யாரும் யாருக்கும் ஒசத்தி இல்ல" என்று மாமா சிரித்துக்கொண்டே தேங்காய் நாரை நீட்டினார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம். இவருக்கும் கல்யாணமான வாரமே கற்றுக் கொடுத்துவிட்டேன்.

ஓட்டல் கதைக்குப் பதில் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபம் வரும்.

அந்தக் காலத்தில் நீங்கள் போட்ட கடிதங்களில் கீழே மாமா எப்போதும் ஒரு வரி எழுதுவார். இந்தத் தடவை இல்லையே?

அன்புடன்,
ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம்,
20.3.2025

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் ஏற ஏறக் கை ஓடவில்லை. மற்றபடி குறையொன்றுமில்லை, உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மூடியைத் தட்டுவதை நீ கண்டுபிடித்திருக்கிறாய் என்று மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். மாமாவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், அதனால்தான் எழுதுவதில்லை. இருந்தாலும் நீ கேட்டதற்காகக் கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே திங்கட்கிழமைதான் கலகலப்பு. ஆபீஸ்களுக்கு மனு கொடுக்க நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதம், முகத்தில் காலையிலிருந்து சாப்பிடாத களைப்பு. மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். மாமா கேட்டில் நிற்பார். "வாங்க, சாப்புட்டுப் போங்க." விடுவாரா? ஒரு திங்கட்கிழமை ஏழு பேர். மாடியில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் அறிவழகன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மகள் இலக்கியா பெரிய பரீட்சைக்குப் படிக்கிறாள், சத்தம் ஆகாது. நாங்கள் சத்தமில்லாமல் சாப்பிடுகிறோம்.

எல்லாருக்கும் எங்கள் வாழ்த்துகள்.

ஜான்சி அத்தை

வாங்க சாப்பிட்டுப் போங்க. வாங்க சாப்பிட்டுப் போங்க. ராபர்ட்


சிதம்பரம்,
8.4.2025

அன்பு அத்தைக்கு,

நாங்கள் சுகம். மாமாவின் கையெழுத்தைப் பலமுறை பார்த்தேன். எழுத்து அதே முத்து முத்தான எழுத்துதான். கண் மங்கலானவர் கோடு தப்பாமல் எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷம்.

ஒரு செய்தி. பட்டாவில் பெயர் மாற்ற மனு கொடுக்க இவர் வரும் 21ஆம் தேதி திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் வருகிறார். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, மாமாவிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்படியே வந்து உங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வரட்டுமா?

ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம்,
15.4.2025

ஸ்ரீமதிக்கு ஆசீர்வாதம்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் ஊரில் இல்லை. ஜெபக் கூட்டத்துக்குப் போகிறோம். தம்பி அலைய வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

ஜான்சி அத்தை


மஞ்சக்குப்பம்,
2.5.2025

ஸ்ரீமதி,

நீயும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்.

போன மாதம் 21ஆம் தேதி மாமாவுக்கு மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஆமாம், ஊரில்தான் இருந்தோம். ஜெபக் கூட்டமெல்லாம் பொய். திரும்பி வந்தால் மாமா சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கென்று மூடி வைத்த தயிர் சாதம் இல்லை. அறிவழகன் தம்பி படிக்கட்டில் நின்று, "இன்னிக்கும் ஒருத்தரு வந்துட்டுப் போனாரும்மா" என்றார். யார் என்று மாமாவைக் கேட்டேன். "நல்ல மனுசன், பசியோட வந்தாரு" என்றார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அடுப்பங்கரைக்குள் போனேன். தட்டைக் கழுவித் துடைத்து மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது. தேங்காய் நார் பிழிந்து பக்கத்தில்.

மனு கொடுக்க வருகிற ஜனங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. வெட்கப்பட்டு வேகமாகச் சாப்பிட்டுப் போய்விடுவார்கள், அந்தத் தட்டுகளை நான்தான் கழுவுகிறேன். கவிழ்த்து வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு. தம்பி வந்தாரா?

அத்தை


சிதம்பரம்,
10.5.2025

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு நலம், மனம்தான் இல்லை.

இவர்தான் வந்தார். நீங்கள் ஊரில் இல்லை என்று நினைத்துத்தான் தெரு வழியே போயிருக்கிறார், வீட்டையாவது பார்த்துவிட்டு வரலாமென்று. மாமா கேட்டில் நின்று கையைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். "நான் ஸ்ரீமதி வூட்டுக்காரருங்க மாமா" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்படிங்களா, எந்த ஸ்ரீமதி? பரவால்ல, வாங்க, சாப்புட்டுப் பேசிக்கலாம்" என்றாராம். உட்கார வைத்து, தன் தட்டையே இவர் முன்னால் வைத்து, ஜெபம் பண்ணக் கண்ணை மூடியிருக்கிறார். "ஆண்டவரே, இந்த" என்றவர் அதோடு நின்றுவிட்டார். மறுபடி "ஆண்டவரே, இந்த". அப்புறம் கண்ணைத் திறந்து, "மன்னிச்சுக்குங்க, நீங்க சாப்புடுங்க" என்றிருக்கிறார். மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்து, இப்படியே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதுதான் என்று இவரிடமே சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்து பார்த்தால் கூசிப்போவீர்கள் என்று இவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். எனக்கு உடனே எழுத மனம் வரவில்லை. நீங்கள் சொல்லும் வரை பொறுப்போம் என்று இருந்தேன்.

இனி ஓட்டல் கதைக்குப் பதில். என் கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். மேடையேறி ஆசீர்வாதம் பண்ணினீர்கள். பந்திக்குக் கூப்பிடக் கூப்பிட, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் சட்டம் எங்களுக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டில் சாப்பிட அவர்களுக்கு என்ன குறை என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அப்பா அன்று சாப்பிடவே இல்லை. "மச்சான் கை நனைக்கல பாப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை, நீங்கள் ஊருக்கெல்லாம் போட்டீர்கள். உங்களுக்குப் போட ஒருத்தரையும் விடவில்லை. அதுவும் ஒரு கர்வம்தான். கோபித்தாலும் சரி, இதை எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் எல்லார் வீட்டிலும் விருந்தாளி. என் வீட்டில் மட்டும்தான் இல்லை.

ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம்,
14.6.2025

என் மகளுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபத்தில் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அப்புறம் உன் அப்பாவை நினைத்து அழுகை. அப்புறம் எழுத வெட்கம். கர்வம் என்று நீ எழுதியது சரி. கொடுக்கிற கை மேலே இருக்கும், அது அப்படியே இருந்து மரத்துப்போய்விட்டது.

மாமாவுக்கு மறதி நோய். இரண்டு வருடமாகிறது. டாக்டர் பெயர் சொன்னார், அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடமாக இருந்த வேத வசனங்களில் பாதி போய்விட்டது. உன் பெயர் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. "வாங்க சாப்புட்டுப் போங்க" மட்டும் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம், நீ எழுதியதுபோல முதல் வார்த்தைகளிலேயே நின்றுவிடுகிறது. நான் ஆமென் சொல்லி முடித்து வைக்கிறேன். தப்புப் பண்ணின பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார்.

ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் காலி பண்ணிக்கொடுங்கள் என்று அறிவழகன் தம்பி சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வளர்ந்த பெண் இருக்கிற வீட்டில் தினம் முகம் தெரியாதவர்கள் வந்தால் யாருக்கும் பயம்தான். கேட்டைப் பூட்டி வைத்தால் இருக்கலாம் என்றும் சொன்னார். அதனால் பஜாரில் ஒரு பூட்டு வாங்கினேன் ஸ்ரீமதி. சிதம்பரத்து வீட்டுக் கேட்டுக்கு நாங்கள் பூட்டே வாங்கினதில்லை. இப்போது வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறேன். திரும்பி வரும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர்களும் நின்று பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர் உயிரோடு இருப்பதே அந்த ஒரு வார்த்தையில்தான். அதையும் பூட்டி வைத்தால் எதற்காக அவரைப் பார்த்துக்கொள்கிறேன்?

முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருப்பதாகச் சபையில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. அங்கேயும் கேட்டில் பூட்டு.

திருமஞ்சனத்துக்கு மூன்று நாள் வருகிறோம். உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. விருந்தாளியாக எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியாது. எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.

அத்தை


சிதம்பரம்,
19.6.2025

அத்தைக்கு,

உடனே எழுதுகிறேன். உட்கார வேண்டிய இடத்தை நான் காட்டுகிறேன். எழுந்திருக்கவே வேண்டாம்.

பூட்டைப் பற்றி எழுதிய பக்கத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் இவர் சொன்னது இது. எங்கள் ஜெராக்ஸ் கடைக்குக் காலையிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கரண்ட் போனால் வாசலில் கூட்டம். "வாங்க, உக்காருங்கன்னு சொல்ல ஆளில்லாம நான் பத்து வருசமா தவிக்கிறேன். அந்த வேலைக்கு மாமாவ வுட்டா யாரு இருக்கா?" கடையை ஒட்டி ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. மூன்று நாள் என்று நீங்கள் எழுதியதை நான் படிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அடுப்பங்கரைக்குள் நீங்கள் வரக் கூடாது, அது என் சட்டம்.

உங்கள் மகள்,
ஸ்ரீமதி


மஞ்சக்குப்பம்,
9.7.2025

என் அன்பு மகள் ஸ்ரீமதிக்கு,

உங்கள் வீட்டிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் மாமா ஜன்னலோரம். கண்டக்டரை மட்டும் நாலு தரம் சாப்பிடக் கூப்பிட்டார். உன் கத்திரிக்காய் கொத்சுவை இன்றைக்கும் வைத்துச் சாப்பிட்டோம். தம்பிக்கு எங்கள் ஆசீர்வாதம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆடி பிறக்கும் முன்பே சாமானோடு வந்துவிடுகிறோம். எனக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான், உனக்காகச் சொல்கிறேன். அந்த அறையில் எனக்கென்று ஒரு அடுப்பு மட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் போடுவேன், நீங்கள் இருவரும் வந்து சாப்பிட வேண்டும். மற்ற நாளெல்லாம் நீ போடு, வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். பூட்டை அறிவழகன் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. சிதம்பரம் வந்தால் சாப்பிட வரும்படி சொல்லியிருக்கிறேன். தட்டை அவரே கழுவ வேண்டும் என்பதை வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது, திருமஞ்சனத் தேரன்று உன் வீட்டில் நடந்ததில் நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தேர் பார்த்துவிட்டுத் திரும்பிய கம்மாபுரத்துக் குடும்பத்தை மாமா உன் வாசலில் நிறுத்தி உள்ளே கூட்டி வந்தாரே, நாலு பேர், அதில் இரண்டு ஆள் நல்ல பசியில். நீ ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. இன்னொரு உலை வைக்க ஓடினாய். நானும் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். "அத்த, நீங்க உக்காருங்க" என்று தம்பி என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அதனால் மேசைப் பக்கம் இருந்தேன். மாமா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த" என்றார். நின்றுவிட்டார். எனக்குத் தெரியும், அதோடு அவ்வளவுதான். முடித்து வைக்கலாமென்று ஆமென் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து நீ மூடியைத் தட்டினாய். ரெண்டு தரம்.

ஸ்ரீமதி, இத்தனை வருடம் அந்த ஜெபத்தை நான் அடுப்பங்கரையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். ஜெபிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும், கரண்டியும் கையுமாக உள்ளே நிற்கிறவள்? அன்று பார்த்தேன். சத்தம் கேட்டதும் தலையை அடுப்பங்கரைப் பக்கம் லேசாகச் சாய்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. விருந்தாளிகளுக்குத் தெரியாத, உள்ளே நிற்கிறவளுக்கு மட்டுமான சிரிப்பு. அந்தச் சிரிப்போடு, "ஆண்டவரே, இந்தக் கொள்ளிடக் கரையைக் காத்துக்கொள்ளும்" என்று ஆரம்பித்தார். கரை, மினி பஸ் டிரைவர், சினைப்பசு, ஒன்றும் விட்டுப்போகவில்லை. இடையில் நீ மறுபடி தட்டினாய். வெள்ளத்தில் வந்தவர்களுக்காக ஜெபித்தார். "என் மச்சான் கண்ணாயிரம்" என்றார். பெயர் சொல்லித்தான் சொன்னார், தம்பியும் கேட்டார். நீ ஒரு தரம் தட்டினதும் ஆமென். கம்மாபுரத்து அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பை நான் இத்தனை காலமும் வாங்கிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

நீ சோறு கொண்டுவந்து வைத்தாய். மாமா ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்தார். என்னை நின்று பார்த்தார். அடுப்பங்கரைக்குள் இருக்கிறவளை அவர் அந்த மேசையில் எங்கே தேடுவார்?

"அம்மா எந்த ஊருலேர்ந்து வர்றீங்க? கூச்சப்படாம சாப்புடுங்க, இது உங்க வூடு மாதிரி."

"பக்கத்துலதாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் வீட்டில் விருந்தாளியாக நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் எழுந்து, தட்டை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இருவரும் நலமாயிருங்கள். உலையை வை, வந்துகொண்டே இருக்கிறோம்.

உன் அத்தை,
ஜான்சி